தேயிலைச் செடியில் ஒரு சோற்றுப் பார்சல்

"மிஸ், எல்லாரும் எல்ல, எல்ல எண்டு சொல்றாங்க. நாங்களும் ஒருக்கா போயிட்டு வருவமே."

கொட்டாஞ்சேனையில் எங்கள் சிறுசேமிப்புக் குழுவின் கூட்டத்தில் இப்படிக் கேட்டவர், வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அக்கா. 2023 ஆம் ஆண்டின் தொடக்கம் அது. முந்திய ஆண்டு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்துப் போயிருந்த பெண்கள். பாதிப் பேர் வெள்ளவத்தையில் மாடிவீடுகளைக் கூட்டித் துடைக்கப் போகிறவர்கள். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மாதம் ஆயிரம் ரூபா ஒதுக்குவது என்று தீர்மானமாயிற்று. ஓகஸ்ட் மாதம் 23 பேர் புறப்பட்டோம்.

இந்தப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் பலர் புளூமெண்டால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். கொழும்பு நகரம் கழித்தது எல்லாம் பல வருடங்களாக அங்கேதான் வந்து குவிந்தது. சோற்றுப் பானையைத் திறந்தால் ஈ மொய்க்கும், மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வாசலுக்கு வரும். 2009 இல் அந்த மேடு மூடப்பட்டபின் குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து 32 பேரை மூடியது. அடுத்தவர் போட்ட குப்பையோடு வாழ்வது என்றால் என்னவென்று எங்கள் பெண்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

கோட்டை நிலையத்தில் காலை 5.55 க்குப் புறப்படும் பொடி மெனிக்கே. ஆளுக்கு இரண்டு சோற்றுப் பார்சல், ஒன்று பகலுக்கு, ஒன்று காவலுக்கு. மெல்லிய பொலித்தீன் 'லஞ்ச் ஷீட்'டில் சுற்றி, மேலே பழைய பத்திரிகை. 2017 இலேயே தடை செய்யப்பட்ட தாள் அது. ஆனால் கடையில் கேட்டால் கிடைக்கும். நானும் அப்படித்தான் கட்டிக்கொண்டு போனேன்.

ரயில் பயணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நானுஓயா தாண்டியதும் எல்லோரும் சால்வை தேடினார்கள். இலங்கையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவில் ஒரு அக்கா வாயால் புகை விட்டுக் காட்டிக் குழந்தைபோலச் சிரித்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் கதவில் தொங்கிப் படம் எடுத்ததைப் பார்த்து எங்கள் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்படித் தொங்கி உயிர் போன கதைகள் இந்தப் பாதையில் உண்டு. பின்னேரம் எல்ல வந்து சேர்ந்தோம்.

எல்ல பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர். ஒரே ஒரு பெரிய தெரு. அந்தத் தெருவில் தேநீர்க் கடையைவிட மதுபானக் கடையும் பீட்சாக் கடையும்தான் கண்ணில் பட்டன. ஒருகாலம் முதுகுப்பையோடு ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து ஊர்வீடுகளில் தங்கிப் போன இடம் இது. போர் முடிந்த பின் கூட்டம் பெருகியது. 2018 இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு பயணம் போக மிகச் சிறந்த நாடு இலங்கைதான் என்று 'லோன்லி பிளனட்' நிறுவனம் அறிவித்திருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் குழுவின் கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். அன்று அங்கே வெடித்த குண்டு எல்லவின் அறைகளையும் காலியாக்கியது. பிறகு கொரோனா, அதன் பிறகு 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடு. 2021 இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. 2024 இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. ஊர் நிரம்புவதும் காலியாவதும் ஊரவர் கையில் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க இறங்கினோம். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில், 1921 இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பு முழுவதும் போருக்கே போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பாலம் அழகுதான். அதைச் சுற்றி இருபுறமும் தேயிலை. ரயில் வரும் நேரம் என்று யாரோ சொல்ல, கூட்டம் மேட்டில் ஏறியது. நாங்களும் ஏறினோம். ரயில் போன பின்பு செடிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, அங்கே வாங்கிய காலைச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். சாப்பிட்டு, கை கழுவி, படம் எடுத்து, எழும்பி நடந்தோம்.

ஐம்பது அடி போயிருக்க மாட்டோம்.

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க."

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர். நாற்பது வயது கடந்திருக்கும். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு மாட்டிய கொழுந்துச் சாக்கு. கையில் எங்கள் லஞ்ச் ஷீட்டுகள் நாலைந்து, பருப்பு ஒழுகியபடி. செடிக்குள் செருகிவிட்டால் தெரியாது என்று எங்களில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

"இது நாங்க கொழுந்து போடுற எடம் மிஸ். சோத்துப் பார்சல் போடுற எடம் இல்ல."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நாங்களும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பியிருப்போம். இடியப்பம் விற்கும் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் போய் அந்தத் தாள்களை வாங்கித் தன் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். புளூமெண்டாலில் இருபது வருடம் இருந்தவர் அவர்.

வெட்கத்தைப் போக்கவோ என்னவோ அந்தப் பெண்ணோடு அரைமணி நேரம் நின்று பேசினோம். அவருக்கும் கங்காணி மேலே இருந்ததால் பயம், பறித்துக்கொண்டே பேசினார். குப்பை கொழுந்தோடு கலந்துவிட்டால் நிறுக்கும் இடத்தில் கழித்துவிடுவார்களாம். அன்றைக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருடப் போராட்டம், 2021 இல்தான் கிடைத்தது. அதுவும் சொன்ன நிறை வந்தால்தான். நாங்கள் முதல்நாள் இரவு ஓர் அறைக்குக் கொடுத்தது 6,000 ரூபா. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"குப்பைய பொறுக்கிறலாம் மிஸ். மத்ததுதான் ஏலாது" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. மற்றது என்ன என்று எங்களுக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் எங்களில் இருவர் அன்று காலை செடிகளுக்குள்தான் ஒதுங்கினார்கள். பாதையோரக் கடை ஒன்றில் கழிப்பறை கேட்டதற்கு, சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்றார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு மலையில் கழிப்பறை கிடையாது என்பது காலங்காலமாகப் பேசப்படும் குறை. கழிப்பறை இல்லாத பெண்களின் வேலைத்தளத்தை, கழிப்பறை கிடைக்காத இன்னொரு கூட்டம் வந்து கழிப்பறையாக்குகிறது. காலையில் இடுப்பளவு செடிக்குள் இறங்கும்போது எதை மிதிப்போம் என்று தெரியாது என்றார். அட்டையாவது பரவாயில்லை என்று சிரித்தார்.

படம் எடுப்பது பற்றியும் கேட்டேன். கேட்காமலே எடுப்பார்களாம். சிலர் 200 ரூபா நீட்டி, கூடையைத் தலையில் மாட்டச் சொல்வார்கள். இப்போது சாக்குத்தானே, கூடை எங்கே? ஆகவே படத்துக்கென்று கூடை கட்டி, பொட்டு வைத்து நிற்கும் சிலரும் உண்டு. "ஒரு நாள் கொழுந்து பறிச்சா ஒடம்பு நோகும். கூடையோட நின்னா நோகாது. என்னாத்த சொல்ல?" என்றார். தீர்ப்புச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பூ விற்க வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். "எந்த ரோட்டுல மிஸ்?" கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் பெயரைச் சரியாகச் சொன்னார். பதினாலு வயதில் வந்து நாலு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாராம். எங்கள் வீட்டிலும் நான் சிறுமியாக இருந்தபோது மலையகத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். என் பின்னலைப் பின்னிவிட்டவள் அவள்தான். அவள் எந்தத் தோட்டம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசக சகோதரிகளே, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சுற்றுலா பற்றிய பாடத்தில் 'தாங்குதிறன்' என்று ஒரு சொல் வரும். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு. பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். எல்ல பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்தக் கணக்குத்தான் பேசப்படுகிறது: மலைச்சரிவை வெட்டி மாடி மேல் மாடி எழுப்புகிறார்கள், மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியில்லாமல் கட்டக் கூடாது, வாகனங்களுக்கு இடமில்லை, தண்ணீர் போதவில்லை. எல்லாம் சரியான பேச்சு. ஆனால் இதைப் பேச யாரைக் கூப்பிடுகிறார்கள்? விடுதி உரிமையாளர், வான் வைத்திருப்பவர், கடைக்காரர், பிரதேச சபை. பயணி படம் எடுக்கும் பச்சை முழுவதும் யார் கை பட்டதால் பச்சையாக இருக்கிறதோ, அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை. அவர் அந்த இடத்தில் எதற்கும் சொந்தக்காரர் இல்லை என்பதுதான் காரணம்.

2023 இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 200 வருடத்துக்குப் பிறகும் லயத்து வீட்டுக்குப் பெரும்பாலானோரிடம் உறுதி கிடையாது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 முதல் கம்பனிகள் கைக்கு வந்தன. லயக் காம்பரா மட்டும் எந்தக் காலத்திலும் குடியிருப்பவர் பெயருக்கு வரவில்லை. எல்ல நகரைச் சுற்றியுள்ள கிராமத்தவர் தங்கள் காணியில் இரண்டு அறை கட்டி, பலகை மாட்டி, பயணிகளை ஏற்றுப் பிழைக்கிறார்கள். நல்லது. பாலத்துக்கு இன்னும் கிட்ட இருக்கும் லயத்துப் பெண் அதைச் செய்ய நினைத்தால், எந்த வீட்டுக்கு எந்தக் கடதாசியைக் காட்டிப் பதிவு கேட்பார்? வங்கிக் கடனுக்கு எதை ஈடு வைப்பார்? ஆகவே பயணியின் பணம் தேயிலைக்கு மேலே பறந்து போய் நகரத்தில் இறங்குகிறது. லஞ்ச் ஷீட் தேயிலையில் இறங்குகிறது.

உலகம் இதற்கு என்ன செய்கிறது என்று திரும்பி வந்தபின் தேடிப் படித்தேன். பூட்டான் வெளிநாட்டவரிடம் நாளொன்றுக்குக் கட்டணம் வாங்குகிறது. 2022 இல் 200 டொலராக்கி, 2023 இல் 100 ஆகக் குறைத்தது. வெனிஸ் நகரம் 2024 இல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கோடையில் போகும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. (அந்த நீலகிரியிலும் 'டான்டீ' தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில், 1964 ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட நம்மவர்கள் உண்டு. எங்கே போனாலும் அதே வேலை.) நம் நாட்டிலேயே ஹோர்ட்டன் சமவெளியில் வாசலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். தேசிய பூங்கா என்பதால் அங்கே வாசல் இருக்கிறது. எல்ல வாசல் இல்லாத ஊர், நாலு பக்கமும் பாதை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பயணி என்றால் வெள்ளைக்காரர் என்றே நாம் நினைக்கிறோம். விடுமுறை நாட்களில் வான் பிடித்து, அடுப்பும் ஒலிபெருக்கியும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நாம்தான். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் 15 பேர் இறந்தார்களே, அவர்களும் தங்காலையிலிருந்து சுற்றுலா வந்து திரும்பிய உள்ளூர்க்காரர்கள். நம்மை யாரும் பயணியாக எண்ணுவதில்லை, நாமும் எண்ணிக்கொள்வதில்லை.

அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணை வாங்கி வந்திருந்தோம். 2024 இல் மறுபடி போவது என்றபோது, எங்கள் குழு ஒரு முழுக் கூட்டத்தையே அதற்குச் செலவழித்தது. ஆட்கள் 16 பேராகக் குறைக்கப்பட்டனர் (இதில் வந்த சண்டையை எழுத முடியாது). ஆளுக்கொரு மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, ஒரு போத்தல் தண்ணீர். பகல் சாப்பாடு அந்தப் பெண்ணின் லயத்தில், தலைக்கு 600 ரூபா. அவரும் பக்கத்து வீட்டார் இருவரும் சமைப்பதாக ஏற்பாடு. கொழுந்து மலைக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போனோம்.

கோதுமை ரொட்டி, இடிசம்பல், பருப்பு, கீரை. சாப்பிட்டு முடித்து எங்கள் பெண்கள் அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து பேசியது இரண்டு மணி நேரம். பாலம் பார்க்கப் பாதிப் பேர் வரவேயில்லை. வெள்ளவத்தை வீடுகளின் கதை, எசமானிகளின் கதை, பெயரில்லாமல்தான், சிரிப்பு அடங்கவில்லை. நான் கொஞ்சம் விலகி உட்கார்ந்தேன்.

ஆனால் எல்லாம் இனிமையாக நடந்தது என்று எழுதினால் பொய். அந்த வீட்டுக்கு மட்டும் எப்படி ஆள் வருகிறது என்று அடுத்த காம்பராவில் முணுமுணுப்பு. யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று விசாரிக்க ஒருவர் வந்தார், சொந்தக்காரர் என்று சொல்லிச் சமாளித்தோம். கழிப்பறை நாலு குடும்பத்துக்குப் பொது, கதவு அரைகுறை. நாங்கள் 16 பேர் போய் வந்ததில் வாளித் தண்ணீர் போதாமல் போயிற்று. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும் என்பதால், விடியற்காலை நாலு மணியிலிருந்து அவர் இரண்டு நீலப் பீப்பாய்களை நிரப்பி வைத்திருந்தார். பின்னேரம் இரண்டும் காலி. மறுநாளைக்கு என்ன செய்வார் என்று கேட்டதற்கு "ஊத்துக்குப் போவேன் மிஸ்" என்றார். நான் பரீட்சையில் எழுதிய தாங்குதிறன் அந்த லயத்தில் இரண்டு பீப்பாய்தான். நாங்கள் நல்லவர்களாகப் போயும் அதைக் காலி செய்துவிட்டே வந்தோம்.

கணக்குப் பார்த்தோம்: 9,600 ரூபா. மா, தேங்காய், விறகு எல்லாம் கழித்து மூவரும் பங்கிட்டபோது ஒருவர் கையில் வந்தது இரண்டு நாள் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த ஆண்டு செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று.

பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மண்ணோடு மண்ணாகின. நாங்கள் ஏறிப்போன ரயில் பாதை பல இடங்களில் பெயர்ந்து தொங்கியது. அவருடைய எண்ணுக்கு நாலு நாள் தொடர்பே கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரே பேசினார், பள்ளிக்கூடத்தில் இருப்பதாக. லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறதாம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியபோது அவருடைய சொந்தத்தில் சிலர் அங்கே இருந்திருக்கிறார்கள். ஆகவே யாரும் சொல்லுமுன்பே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எங்கள் குழு அரிசியும் பருப்பும் போர்வையும், கேட்க வெட்கப்பட்டு அவர் கேட்காமல் விட்ட அணையாடைகளும் அனுப்பியது.

இந்த ஜனவரிக் கூட்டத்தில் அதே இடியப்ப அக்கா மறுபடி ஆரம்பித்தார், போக வேண்டும் என்று. இந்த நேரத்தில் போவது சுமையா, போகாமல் விடுவது சுமையா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். தொலைபேசியில் அவரையே கேட்டோம். வாங்க, ஆனால் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், தங்காமல் திரும்புங்கள் என்றார். தலைக்கு 600 காணாது, 800 வேண்டும் என்றும் சொன்னார். அவர் வாய்திறந்து விலை சொன்னது இதுதான் முதல்தடவை.

பீப்பாய் இரண்டும் மண்ணோடு போய்விட்டனவாம். பெரிதாக ஒன்று பஞ்சிகாவத்தையில் பார்த்து வைத்திருக்கிறோம். அதை பதுளை பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.